தார் நிறுத்திய கூண்டு

உங்கள் முதுகில் வாரத்துக்கு மூன்று நாள் ஒருவன் வந்து தார் பூசிவிட்டுப் போனால், எத்தனை வாரம் பேசாமல் இருப்பீர்கள்? நான் பூசிய எலிகள் ஆயுள் முழுக்கப் பேசாமல் இருந்தன. சில கடித்தன. அதில் தப்பே இல்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன மாதம் வீடு தேடி வந்த மூன்று பையன்கள். பையன்கள் என்றால் மூவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. நான் கடைசியாக வேலை பார்த்த மதராஸ் ஆய்வுக்கூடத்தில் இப்போது இருப்பவர்கள். காப்பி டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் ஒருவன் ஆரம்பித்தான்: "சார், எது புற்று உண்டாக்கும்னு பாக்க இனிமே எலியே வேணாம் சார். ஒரு தட்டுல கிருமியை வளர்த்து மேலே அந்தச் சரக்கை ஒரு சொட்டு விட்டா போதும். மரபுல மாறுதல் வருதா இல்லையான்னு ரெண்டே நாள்ல தெரிஞ்சிடும். அப்போ நீங்கல்லாம் அந்தக் காலத்துல என்னதான் சார் பண்ணிக்கினு இருந்தீங்க?"

மரியாதையாகத்தான் கேட்டான். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மாடிக்கும் கீழுக்கும் நடக்கிறேன். டைப்ரைட்டரை இழுத்துப் போட்டுக்கொண்டு இதோ தட்டுகிறேன். வேகமாகத் தட்டினால்தான் உண்டு. யோசித்தால் பாதியை மறைத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வாலாஜாபாத் பள்ளிக்கூடம், மதராஸில் விலங்கியலில் பி.ஏ.; அப்போது அதற்கும் பி.ஏ. பட்டம்தான். அங்கே ஒரு பேராசிரியர் பாட்டிலில் பழ ஈ வளர்த்தார். அமெரிக்காவில் அந்த ஈக்களின் மேல் எக்ஸ் கதிரை விட்டிருக்கிறார்கள், ஈயின் கண்ணிலும் சிறகிலும் வந்த மாறுதல் அதன் பிள்ளைக்கும் பேரனுக்கும் போயிருக்கிறது என்று ஒரு பத்திரிகையை உயர்த்திப் பிடித்து வாசித்தார். வகுப்பில் பாதிப் பேர் தூங்கினார்கள். நான் தூங்கவில்லை. ஒரே ஒரு தடவை பட்டது, அதற்குப் பிறகு போகவே போகாது என்பது எனக்கு என்னவோ செய்தது. அவ்வளவுதான் படிப்பு. பட்டம் வாங்கினேன், வேலை கிடைக்கவில்லை, தெனாவட்டு மட்டும் மிச்சம்.

முப்பதுகளின் தொடக்கம் அது. காஞ்சிபுரத்தில் டாக்டர் நரசிம்மன் என்று ஒருவர், அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றவர், எலி வைத்து என்னவோ ஆராய்ச்சி செய்கிறார், படித்த ஆள் ஒருவன் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டுப் போனேன். செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்றுக்குப் போகிற வழியில் ஒரு மாந்தோப்பு, அதற்குள் பழைய வண்டிக் கொட்டகை. அதுதான் ஆய்வுக்கூடம். டாக்டர் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். நெற்றியில் திருமண், மூக்கில் கண்ணாடி, கையில் இடுக்கி. எலியைத் தொட்ட கையோடு வீட்டுக்குள் போகக்கூடாது என்பதால் கொட்டகைக்குப் பின்னாலேயே கிணற்றங்கரையில் குளித்துவிட்டுத்தான் போவார். ஒரு நாளைக்கு மூன்று தரம்கூடக் குளிப்பார்.

"எலி செத்துப்போச்சுன்னா என்ன பண்ணுவே?" என்றார். அதுதான் நேர்முகத் தேர்வு.

அறுத்துப் பார்ப்பேன் என்றேன். இல்லை என்று தலையசைத்தார். உங்களிடம் சொல்வேன் என்றேன். அதற்கும் அதே அசைப்பு.

"பதியணும்டா. முதல்ல பதியணும். அப்புறம் அறு, அப்புறம் என்கிட்டே சொல்லு. இல்லே, சொல்லாமலே போ. பதிஞ்சிருந்தா நானே பாத்துப்பேன்."

அவர் சுபாவமே அது. ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டார், பதிவேட்டைப் பார்ப்பார். கத்தவும் மாட்டார். சாதாரணமாக என்னை நீ, வா, போ என்பார். கோபம் வந்தால் "நீங்கோ" ஆகிவிடும். "நீங்கோ நேத்திக்கு மூணாவது எலியைப் பாத்தேளா?" என்று மெதுவாகக் கேட்டாரென்றால் பதிவேட்டை எடுக்க ஓடுவேன்.

அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு ஒரு கை காரணம். ஊரில் ஒரு சாயப்பட்டறை இருந்தது. மழைக்காலத்தில் சவுக்கு விறகு ஈரத்தில் பிடிக்காது என்று, பட்டறைக்காரர் பீப்பாய் பீப்பாயாகக் கரித்தார் வாங்கி வைத்திருந்தார். வேலையாட்கள் வெறும் கையை விட்டுத் தாரை அள்ளி, விறகில் தடவி, சாயக் கொப்பரையின் அடுப்பில் தள்ளுவார்கள். அதில் முனுசாமி என்கிறவருக்கு முழங்கைக்குக் கீழே ஒரு மரு வந்தது, பிறகு புண்ணானது, பிறகு பூவாக விரிந்தது. டாக்டர் கையையே எடுத்தும் ஆள் பிழைக்கவில்லை. ஜப்பானில் முயல் காதில் மாதக்கணக்காகத் தார் தடவியே புற்றை வரவழைத்துக் காட்டியிருந்தார்கள். அதை டாக்டர் படித்திருந்தார். ஆனால் அவர் கேள்வி வேறு. தார் தடவினால் வரும், சரி. தடவுவதை நிறுத்திவிட்டால்?

அந்தக் கேள்வி டாக்டருக்கு ஆராய்ச்சி. ஏகாம்பரத்துக்கு உயிர்.

ஏகாம்பரம் அதே பட்டறையில் முனுசாமியோடு வேலை பார்த்தவர். பிள்ளையார்பாளையத்துக்காரர், முப்பது வயது. முனுசாமி போன அன்றே பட்டறையை விட்டு விலகிவிட்டார். டாக்டர் அவரைக் கூண்டு பார்க்க வைத்துக்கொண்டார். நான் சேர்ந்த முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா பி.ஏ., எலி புழுக்கை அள்ள பி.ஏ. படிக்கணுமா?"

"அள்ளறதுக்கு நீங்க இருக்கீங்களே அண்ணே. எண்ணறதுக்குத்தான் பி.ஏ."

சிரித்தார். அதிலிருந்து எனக்குப் பெயரே பி.ஏ. தான். அவரைத் தெருவில் கிண்டல் செய்தார்கள், பிள்ளையார் வாகனத்துக்குத் தார் பூசுகிறவன் என்று. "அது மூஞ்சூறு. இது வெள்ளெலி, மதராஸ்லேர்ந்து ரயில்ல டிக்கெட்டு எடுத்து வந்துது. பிள்ளையார் இதும் மேல ஏறமாட்டார்பா" என்று பதில் சொல்லிவிட்டு நடப்பார். நெஞ்சில் பயமிருந்தாலும் வாய் மட்டும் ஓயாது.

வேலை இப்படி. மண்ணெண்ணெய் டின்னை நீளவாக்கில் வெட்டிக் கம்பி வலை அடித்த கூண்டுகள். கீழே நெல் உமி. தீனி ஊறவைத்த கடலை, கேழ்வரகு, கொஞ்சம் கீரை. ஒவ்வோர் எலிக்கும் காதில் ஒரு சின்ன வெட்டு, வெட்டின் இடத்தை வைத்து எண். தோள்பட்டைகளுக்கு நடுவே நாலணாக் காசு அளவுக்கு முடியைக் கத்தரிக்கோலால் ஒட்டக் கத்தரிக்க வேண்டும். தோல் கீறக்கூடாது. கீறினால் அந்த எலி அன்றைக்குப் பூச்சுக்கு லாயக்கில்லை, பதிய வேண்டும். தாரைப் பென்ஸீனில் கரைத்து, மெல்லிய தூரிகையில் தொட்டு, பாட்டில் விளிம்பில் ஒரு தரம் வழித்துவிட்டு, கழுத்திலிருந்து வாலைப் பார்த்து ஒரே இழுப்பு. இரண்டாவது இழுப்பு இல்லை. பிறகு வாலைப் பிடித்தபடி நூறு எண்ண வேண்டும். காய்வதற்குள் விட்டால் பக்கத்து எலி நக்கிவிடும். திங்கள், புதன், சனி.

மூன்று வகைக் கூண்டு. முதலாவதில் எலிகளுக்குக் கடைசி வரை தார். இரண்டாவதில் ஆறு வாரம் தார், பிறகு நிறுத்தம். மூன்றாவதில் தாரே கிடையாது, வெறும் பென்ஸீன்.

டாக்டரின் எண்ணம், தார் தோலை உறுத்துவதோடு நிற்பதில்லை என்பது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத சிற்றறையில், செல் என்கிறார்களே அதில், ஒரு மாறுதலைச் செய்துவிடுகிறது. அந்த அறை இரண்டாகப் பிரிந்தால் இரண்டிலும் அது இருக்கும். என் பழ ஈ ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். "ஈக்குப் பிள்ளை பேரன், தோலுக்கு அறைக்கு அறை. அதேதான்" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். எதிர்க் கட்சி ஆராய்ச்சிக்காரர்கள் என்ன சொன்னார்களென்றால், உறுத்தல் நின்றால் எல்லாம் நின்றுவிடும், தோல் பழையபடி ஆகிவிடும். இரண்டாவது கூண்டுதான் இதைத் தீர்க்க வேண்டும்.

ஏகாம்பரம் கேட்டுக்கொண்டே உமி மாற்றினார். டாக்டர் குளிக்கப் போனதும் சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினார். வலது முன்கையில் முடியே இல்லாத கருத்த திட்டு.

"நாலு மழைக்காலம் தார் தொட்டேன். உட்டு ரெண்டு வருசம் ஆவுது. நான் எந்தக் கூண்டு, பி.ஏ.?"

இருபத்திரண்டு வயது எனக்கு. பட்டம் வாங்கியவன். தெரியாது என்று சொல்ல வாய் வருமா?

"ரெண்டாவது கூண்டுதான் அண்ணே. இதுங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது. அடிச்சுச் சொல்றேன்."

இதைத்தான் யோசித்தால் மறைத்துவிடுவேன் என்றேன்.

அன்றிலிருந்து இரண்டாவது கூண்டு அவருடைய கூண்டு. எலி ஒவ்வொன்றுக்கும் பெயர். கடலையில் நல்லதாகப் பொறுக்கி அதற்குப் போடுவார். "சமமாப் போடுங்க அண்ணே, இல்லேன்னா கணக்கு கெட்டுடும்" என்று சத்தம் போட்டேன். சரி சரி என்று மூன்றாவது கூண்டுக்கும் அதே மாதிரி பொறுக்கிப் போட ஆரம்பித்தார். முதல் கூண்டின் பக்கம் தீனி வைக்க மட்டும் போவார். அங்கே நாலைந்து மாதத்தில் முடிச்சுகள் கிளம்ப ஆரம்பித்தன. முதலில் கடுகளவு, பிறகு மிளகு, பிறகு நடுவில் பிளந்து கசியும். நான் ஒவ்வொன்றையும் அளந்து பதிந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இரண்டாவது கூண்டில் ஒன்றும் இல்லை. கத்தரித்த இடத்தில் ஓரங்களில் முடி வளர்ந்தது, நடுவில் மட்டும் வழுக்கை. "ஏன் நடுவுல வரல?" என்று தினமும் கேட்பார். வரும் வரும் என்பேன்.

ஒரு நாள் கூண்டைத் திறந்தபோது அந்த வழுக்கை சிவந்திருந்தது. மூன்றாவது கூண்டிலும் அதே சிவப்பு. இரண்டு கூண்டிலும் சில எலிகளுக்கு வயிற்றுப்போக்கு. நான் என்ன செய்திருக்க வேண்டும்? நின்று யோசித்திருக்க வேண்டும். என்ன செய்தேன்? "சொறி. கடலை கெட்டிருக்கலாம்" என்று பதிவேட்டில் எழுதிவிட்டு மேலே போய்விட்டேன். கடலைக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை வேறு போட்டேன். வாரா வாரம் அதே "சொறி". என் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

சிவப்பு தொடங்கி மூன்று மாதம் போலிருக்கும். இரண்டாவது கூண்டில் ஓர் எலியின் முதுகில் கடுகு மாதிரி ஒன்று. மறு வாரம் இன்னும் இரண்டில். மாதம் முடிவதற்குள் பாதிக்கு மேல். மூன்றாவது கூண்டில் சிவப்பு உண்டு, முடிச்சு ஒன்றுகூட இல்லை.

டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்தார். அவர் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது கிடையாது, அன்று பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "நின்னு போனப்புறமும் இருக்குடா. உள்ளேயே இருந்திருக்கு" என்றார். அன்றே கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார். இங்கிலாந்துப் பத்திரிகைக்கு அனுப்புவதாகத் திட்டம். நான் நகல் எடுத்தேன். நன்றி சொல்லும் பத்தியில் என் பெயர் இருந்தது, அதை மட்டும் மூன்று தரம் படித்தேன்.

ஏகாம்பரம் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் நானே பிள்ளையார்பாளையம் போனேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம், நெசவுக்குப் பாவு நூலைத் தெருவில் நீட்டியிருந்ததால் சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன். அவர் மனைவி வள்ளியம்மா வெளியே வந்தார்.

"வாப்பா பி.ஏ.! இன்னா சொன்னே இந்த ஆளாண்ட? சோறு துன்ன மாட்டேன்றாரு. எலிக்கு வந்துட்சி எலிக்கு வந்துட்சின்றாரு. எலிக்கு வந்தா இவருக்கு இன்னா?"

உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "நீதானே சொன்னே" என்றார். சட்டை இல்லாமல் இருந்தார். நான் கையைப் பார்த்தேன். முன்கையில் அந்தத் திட்டு முழுக்கச் சிவந்து, கொப்புளித்து, சில இடத்தில் தோல் உரிந்திருந்தது. எனக்கு அந்தச் சிவப்பு தெரியும். வாரா வாரம் பதிந்த சிவப்பு.

"இது என்ன அண்ணே?"

"நேர்வாளம்."

"என்னது?"

"நேர்வாளங்கொட்டைபா. எலுமிச்சைச் சாத்துல இழைச்சுப் போட்டா புழுவெட்டுல முடி மொளைக்கும். எங்க மாமனுக்கு மீசையில வந்ததே, அதுக்கும் இதான் போட்டது. முடி வந்துட்டா தோலு பழையபடி ஆய்ட்சின்னு அர்த்தம் இல்லியா? அதுங்களுக்கும் வாரம் ரெண்டு தபா போட்டுக்கினு இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் கிளம்பின அப்புறம்."

நேர்வாளம் எப்படிப்பட்டதென்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? உள்ளே போனால் பேதி, மேலே பட்டால் கொப்புளம். வயிற்றுப்போக்கு, சிவப்பு எல்லாம் ஒரு நொடியில் வரிசையாக நின்றன.

"எந்தக் கூண்டுக்கு?"

"ரெண்டாவதுக்கு."

"மூணாவதுக்கு?"

"அதுக்குந்தான். நீதானே சமமாப் போடுன்னே. அதுங்க மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"

சைக்கிளில் திரும்பும்போது மண்டைக்குள் ஒன்று மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது கூண்டு, தார் இல்லை, நேர்வாளம் உண்டு, முடிச்சு இல்லை. இரண்டாவது கூண்டு, கொஞ்சம் தார், பிறகு நேர்வாளம், முடிச்சு. அப்படியானால் நேர்வாளம் தனியாக எதுவும் செய்யவில்லை. தார் செய்து வைத்தது உள்ளே சும்மா கிடந்தது. நேர்வாளம் அதைத் தட்டி எழுப்பிவிட்டது. இது டாக்டர் எழுதியதைவிடப் பெரிய விஷயம் என்று எனக்கே தெரிந்தது. அந்தக் கர்வம் செவிலிமேடு வரைகூட நிற்கவில்லை. பாதி வழியில் ஏகாம்பரத்தின் கை நினைவுக்கு வந்தது. நாலு மழைக்காலம் தார். இப்போது நாலு மாதமாக நேர்வாளம்.

கட்டுரை மறுநாள் தபாலில் போக வேண்டியது. உறை மேஜைமேல் ஒட்டாமல் இருந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், வந்தது. கிணற்றங்கரையில் அவர் ஈர வேட்டியோடு நிற்கும்போதே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"உள்ளே வாங்கோ" என்றார்.

வாங்கோ. சரி, செத்தேன் என்று போனேன். பதிவேட்டைப் பிரித்தார். என் "சொறி" ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துக்கொண்டே பக்கம் பக்கமாகப் போனார். "நீங்கோ இதைப் பாத்தேளா, இல்லே எழுத மட்டும் எழுதினேளா?" என்று ஒரே ஒரு கேள்வி. எழுத மட்டும் எழுதினேன் என்றேன். பேனாவை எடுத்து இரண்டாவது, மூன்றாவது கூண்டுக் கணக்கு முழுக்க மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார். கட்டுரையை உறையிலிருந்து எடுத்து அலமாரியில் அடியில் வைத்தார்.

"சார், கோடு போடாதீங்க சார். இதுல பெரிய விஷயம் இருக்குது. நாமளே தெரிஞ்சு திரும்பச் செஞ்சா..."

"எவ்வளவு போட்டான், என்னிக்குப் போட்டான், எந்த எலிக்கு விட்டுப்போச்சு? தெரியுமா உங்களுக்கு? தெரியாததை வெச்சுண்டு எனக்குப் பேசத் தெரியாது." சற்று நின்றார். "திரும்பச் செய்யலாம். எலி வேணும், ரெண்டு வருஷம் வேணும். எனக்கு அறுபத்தாறு. அது கிடக்கட்டும். அவனை நாளைக்கு வரச் சொல்லு."

நீ என்று மாறிவிட்டதைக் கவனித்தேன். ஆனால் நிம்மதி வரவில்லை.

ஏகாம்பரத்திடம் எவ்வளவு சொல்வது என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. அந்தப் பூச்சை நிறுத்து என்று மட்டும் சொன்னால் போதும் என்றார் டாக்டர். எலிக்கு நடந்தது மனுஷனுக்கு நடக்கும் என்று யாருக்குத் தெரியும், வீணாக ஏன் பயமுறுத்த வேண்டும் என்றார். நான் பிடிவாதம் பிடித்தேன். ஏற்கெனவே ஒரு பொய்யை அடித்துச் சொன்னவன் நான், அவரிடம் இன்னொன்று சொல்லமாட்டேன் என்றேன். கடைசியில் நானே சொன்னேன். தார் பண்ணினது உள்ளே இருக்கலாம், நேர்வாளம் அதைக் கிளப்பிவிடலாம், நிச்சயமாகத் தெரியாது. அவர் சிரித்தார்.

"அப்போ எலிங்களுக்கு நான்தான் வர வெச்சேன்றே. எனக்கும் நானே போட்டுக்கினேன்றே. நல்லா இருக்குதுபா கதை."

நேர்வாளம் நின்றது. கொப்புளம் ஆறியது. அடுத்த மழைக்கு முன்னால் முன்கையில் மிளகளவு ஒன்று முளைத்தது.

டாக்டர் மரத்துப்போகும் ஊசி போட்டு, சுற்றிலும் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுத்தார். மீதி வேலை எனக்கு. ஃபார்மலினில் ஊறப் போட்டு, சாராயத்தில் போட்டு ஈரத்தை எடுத்து, மெழுகில் பதித்து, கத்தியில் இழை இழையாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்ற வேண்டும். எலிக்கு நூறு தரம் செய்திருக்கிறேன். அன்று முதல் மூன்று சீவலும் கிழிந்தன. ஏகாம்பரம் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று பக்கத்திலேயே நின்றார். நீலச் சாயத்தைத் திறந்ததும் மோந்து பார்த்தார்.

"படிகாரம் போட்டிருக்கியா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"சாயக்காரனைக் கேக்குற கேள்வியா இது? படிகாரம் இல்லாட்டி புடிக்குமா?" கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சாயம் ஏறிய பட்டு நூல் சிட்டத்தைப் பார்ப்பதுபோல. அவருடைய தோல் அது. "நீலம் பத்தலை. இன்னொரு முக்கு முக்கு."

முக்கினேன். அவர் சொன்னது சரி.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நான் அதற்கு முன்னும் பின்னும் அவர் அவ்வளவு நேரம் பார்த்ததைப் பார்த்ததில்லை. ஒரு சீவல் முடிந்ததும் அடுத்தது, அடுத்தது. புற்றென்றால் மேல்தோல் தன் அடித்தரையை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கும். அதைத்தான் தேடினார். ஏகாம்பரம் கையில் கட்டோடு கூண்டுக்கு உமி போட்டுக்கொண்டிருந்தார். அவரால் சும்மா நிற்க முடியவில்லை.

"கீழே இறங்கலை. வெறும் மருதான்" என்றார் டாக்டர். பிறகு, பதிவேட்டில் எழுதுகிறவர் ஆயிற்றே, சேர்த்துக்கொண்டார். "இப்போதைக்கு."

"இப்போதைக்குன்னா எப்போ வரைக்கும் சாமி?"

டாக்டர் முதல்தடவையாகப் பதிவேட்டை விட்டுவிட்டு ஆளின் முகத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதுப்பா. மாசம் ஒரு தரம் வந்து கையைக் காட்டு."

எலிகளைத் திரும்ப வாங்கவில்லை. டாக்டருக்கு அடுத்த வருஷம் பக்கவாதம் வந்தது, கொட்டகை மூடிப்போயிற்று. நான் மதராஸ் போனேன், முப்பது வருடத்துக்கு மேல் எலியோடு குடித்தனம். பிற்பாடு வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்தது, புற்று வருவது இரண்டு படியாக என்று. முதலில் ஒன்று மாறுதலைச் செய்கிறது, அது உறங்குகிறது, பிறகு வேறொன்று எழுப்புகிறது. எழுப்பியதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டதும் நேர்வாள எண்ணெய்தான். நூலகத்தில் நின்றபடியே படித்தேன்.

இதைச் சொன்னதும் அந்த மூன்று பையன்களும் துள்ளினார்கள். "சார்! உங்க கையில இருந்துச்சே சார், உட்டுட்டீங்களே!" என்றார்கள். அதுவா எனக்கு? பத்திரிகையில் பெயர் வராததற்கா நான் மாடிக்கும் கீழுக்கும் நடக்கிறேன்? டாக்டர் போட்ட கோடு சரிதான், எனக்கு அதில் வழக்கில்லை. என்னைக் குடைவது வேறு. அன்று டாக்டர் சொன்னபடி பூச்சை நிறுத்து என்று மட்டும் சொல்லியிருந்தால், கை தானாகவே ஆறியிருக்கும், மருவை யாரும் கண்டுகொண்டிருக்கவும் மாட்டார்கள், ஒரு மனிதர் நாற்பது வருஷம் தன் கையைப் பயந்து பயந்து பார்க்காமல் இருந்திருப்பார். இல்லை, சொன்னதால்தான் அந்த மரு வேரோடு போயிற்று, ஆள் இருக்கிறார். எது? இரண்டுக்கும் கூண்டு வைத்துப் பார்க்க முடியாது. ஒரே ஏகாம்பரம்தான்.

டாக்டர் போன பிறகு கையைக் காட்ட அவருக்கு வேறு ஆளில்லை. நான் டாக்டர் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க அண்ணே என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். மதராஸுக்கு ரயிலேறி வருவார். ஓய்வுக்குப் பிறகு நான் இங்கேயே செவிலிமேட்டில் வீடு கட்டிக்கொண்டதும் டவுன் பஸ்ஸில் வருகிறார். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் கையை வைப்பார், நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன், ஒன்றும் இல்லை என்பேன். "இப்போதைக்கு" என்று அவரே சொல்லிக்கொண்டு சட்டையை இறக்கிவிடுவார்.

இன்று மாதத்தின் முதல் திங்கள். பஸ் வந்து நின்றுவிட்டது, அவர் இறங்கி நடந்து வருகிறார்.